பழைய காரின் மரச் சக்கரத்தை வீட்டிலேயே புதுப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் வந்த ஏராளமான கார்கள் மர ஆரக்கால்களில்தான் ஓடின. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான ஃபோர்டு மாடல் டி அவற்றில் முதன்மையானது. அப்படி ஒரு காரை வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல இந்தப் பக்கம். பன்னிரண்டு ஆரக்கால், இரும்பு வட்டை (ஆரக்கால்களின் வெளிமுனைகள் நுழையும் வளையம்) கொண்ட சக்கரத்தை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். மர வட்டைக்குத் தனிக் கேள்வி கீழே உண்டு.

சக்கரம் தளர்ந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே மரத்தைக் குறை சொல்ல வேண்டாம். பேரிங் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் ஆடும். முதலில் பேரிங்கைச் சரியாக இறுக்கிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். இப்போதும் ஆடுகிறது, குடம் (சக்கரத்தின் நடுப்பகுதி) அசையாமல் ஆரக்கால் மட்டும் அசைகிறது என்றால் கோளாறு மரத்தில்தான்.

காதையும் பயன்படுத்துங்கள். ஒவ்வோர் ஆரக்காலையும் சிறிய மரச் சுத்தியலால் தட்டினால், இறுக்கமாக இருப்பது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தையாக ‘டொக்’ என்னும். மெதுவாக ஓட்டும்போது சக்கரம் முனகுவதும் அடையாளம். ஆரக்கால் வட்டையில் நுழையும் இடத்தில் பெயிண்ட் வெடித்து ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கும். அங்கே துருநிறத்தில் பொடி படிந்திருந்தால் மரமும் இரும்பும் நெடுநாளாக உரசிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

பின் சக்கரத்துக்கு இன்னொரு சோதனை: கைப்பிரேக்கை இழுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுழற்ற முயலுங்கள். டிரம் நிற்க, ஆரக்கால்கள் ஒரு நூலளவு நகர்ந்தாலும் குடத்தருகே இறுக்கம் போய்விட்டது.

கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. பக்கத்துத் தெருவரை ஓட்டலாம்தானே?

வேண்டாம். நேராகப் போகும்போது காரின் எடையை மரச் சக்கரம் எளிதாகத் தாங்கும். வளைவில் திரும்பும்போதுதான் பக்கவாட்டில் விசை விழுகிறது. தளர்ந்த ஆரக்காலின் முனை அப்போது நெம்புகோலாக மாறித் தன் துளையைத் தானே பெரிதாக்கும். ஒன்று ஒடிந்தால் அதன் சுமை இரு பக்கத்து ஆரக்கால்களுக்கும் போகிறது, அவையும் ஏற்கெனவே தளர்ந்தவை. அதனால் மரச் சக்கரம் உடையும்போது ஒவ்வொன்றாக உடைவதில்லை, மொத்தமாகச் சரிகிறது. முன் சக்கரம் என்றால் கார் கையில் இருக்காது.

நன்றாக இருந்த சக்கரம் ஏன் தளர்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை முழுவதும் புரியும். இந்தச் சக்கரத்தில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை. ஒவ்வோர் ஆரக்காலின் உள்முனையும் ஆப்புப் போலச் சீவப்பட்டிருக்கும். பன்னிரண்டு ஆப்புகளும் ஆரஞ்சுச் சுளைகள் போல ஒன்றையொன்று நெருக்கி ஒரு முழு வட்டமாகின்றன. அந்த வட்டத்தை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். வெளிமுனையில் கடைந்த முளை வட்டையின் துளைக்குள் நுழைகிறது. முளைக்கு அடியில் உள்ள தோள் வட்டையின் மீது முட்டி நிற்கிறது. ஆக, வெளியே வட்டை அமுக்குகிறது, நடுவே ஆப்புகள் ஒன்றையொன்று அமுக்குகின்றன. சக்கரத்தின் பலம் முழுவதும் இந்த அமுக்கத்தில்தான் இருக்கிறது. பீரங்கி வண்டிகளுக்குப் பயன்பட்ட அமைப்பு இது. அதனால்தான் ஆங்கிலத்தில் இதற்கு ‘ஆர்ட்டிலரி வீல்’ என்று பெயர்.

இனி மரத்தின் குணத்தைப் பாருங்கள். காயும்போது மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. குறுக்கே நன்றாகச் சுருங்கும். ஆரக்காலுக்கு ஏற்ற ஹிக்கரி மரத்தில், ஈரப்பதம் நான்கு சதவீதம் குறைந்தால் 25 மி.மீ. அகலமுள்ள ஆப்பு சுமார் கால் மி.மீ. ஒடுங்கும். கால் மி.மீ.தானே என்று தோன்றும். பன்னிரண்டு ஆப்புகளுக்கும் சேர்த்தால் 3 மி.மீ.! வட்டத்தில் மூன்று மி.மீ. இடைவெளி விழுந்த பிறகு அமுக்கம் எங்கே இருக்கும்? அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் மரம் மரத்தோடு தேய்கிறது, தேயத் தேய இடைவெளி கூடுகிறது. ஈரமும் அழுகலும் பூச்சியும் தனிக் காரணங்கள். ஆனால் நான் பார்த்த சக்கரங்களில் பெரும்பாலானவை வெறும் சுருக்கத்தால் கெட்டவை.

தண்ணீரில் ஊறவைத்தால் இறுகிவிடும் என்கிறார்களே?

இறுகும். சில நாட்களுக்கு. ஊறிய மரம் விரிய இடமில்லாமல் இரும்புக்கும் பக்கத்து ஆரக்காலுக்கும் இடையே நசுங்குகிறது. நசுங்கிய நார்கள் காய்ந்த பிறகு பழைய அளவுக்குத் திரும்புவதில்லை, முன்பைவிடக் கூடுதலாக ஒடுங்கிப்போகும். இன்று ஊறவைத்து இறுக்கிய சக்கரம் அடுத்த கோடையில் முன்பைவிட மோசமாக ஆடும். கூடவே போல்ட் துளைகளில் துரு ஏறும். இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இடைவெளியில் எபாக்சி ஊற்றலாமா? தகடு சொருகலாமா?

எபாக்சிப் பசை வேண்டாம். அழுக்கும் எண்ணெயும் ஊறிய பழைய மரத்தில் அது பிடிக்காது. பிடித்தாலும் பருவத்துக்குப் பருவம் மரம் விரிந்து சுருங்கும்போது விட்டுவிடும். அதைவிடப் பெரிய கேடு, குறையை அது கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

தகடு வேறு விஷயம். மரம் முழுக்க நல்ல நிலையில் இருந்து, தோளுக்கும் வட்டைக்கும் நடுவே மட்டும் மெல்லிய இடைவெளி இருந்தால், முளையைச் சுற்றி உட்காரும் மெல்லிய இரும்புத் தகடுகள் உதவும். தளர்ந்த ஒன்றுக்கு மட்டும் போடாமல், எதிரெதிர் ஆரக்கால்களையும் பார்த்துச் சமமாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் குடம் நடுவிலிருந்து விலகிவிடும். ஆப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி வந்துவிட்டால் தகடு போட்டு ஒப்பேற்றக் கூடாது. புது ஆரக்கால்தான்.

எந்த மரம் வாங்க வேண்டும்?

ஹிக்கரி. அதிர்ச்சியைத் தாங்குவதில் அதற்கு இணை குறைவு. சுத்தியல், கோடரி இவற்றின் பிடிக்கு அதைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான். கிடைக்காவிட்டால் ஆஷ் மரம். ஓக் கனரக வண்டிகளில் பயன்பட்டதுண்டு. தேக்கு வேண்டாம், வெயில் மழைக்கு அசராது என்பது உண்மை, ஆனால் திடீர் அடியைத் தாங்கும் நெகிழ்ச்சி அதில் குறைவு. ஆரக்காலுக்கு அதுதான் முதல் தேவை.

நல்ல மரம் என்றால் வைரம் பாய்ந்ததைத் தேடுவது நம் பழக்கம். ஹிக்கரியில் அந்தக் கணக்கு செல்லாது. சிவந்த வைரப் பகுதியும் வெளுத்த வெளிப்பகுதியும் பலத்தில் ஒன்றே. நிறத்தை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். ஒரே அளவிலான இரண்டு துண்டுகளில் கனமானதே பலமானது. ஆண்டு வளையங்கள் மிக நெருக்கமாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஹிக்கரி, ஆஷ் போன்ற மரங்களில் வேகமாக வளர்ந்து வளையம் அகன்றதுதான் உறுதி.

எல்லாவற்றையும்விட முக்கியம் நாரின் ஓட்டம். ஆரக்காலின் ஒரு முனையில் தொடங்கும் நார் மறுமுனைவரை போக வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்தச் சாய்விலேயே ஒடியும். பலகையை ரம்பத்தால் அறுப்பதைவிட, கட்டையை ஆப்பு வைத்துப் பிளந்தால் அது தானாகவே நாரைப் பின்பற்றும். அறுத்த மரம்தான் கிடைக்கிறது என்றால், 20 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் நார் விலகும் துண்டுகளைக் கழித்துவிடுங்கள்.

ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதம். மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும், கையால் தொட்டுச் சொல்ல முடியாது. வாங்கிய மரத்தைப் பட்டறையில் அடுக்கி வைத்துச் சில வாரங்களுக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். எண் மாறாமல் நின்ற பிறகு ரம்பத்தை எடுங்கள். காய்ந்த மரத்தில் செய்த சக்கரம் பின்னால் கொஞ்சம் ஈரம் இழுத்தால் இன்னும் இறுகும். ஈர மரத்தில் செய்தது தளர மட்டுமே செய்யும்.

கழற்றும் முன் என்ன செய்ய வேண்டும்?

எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். குடத் தட்டு, வட்டை, ஆரக்கால் மூன்றிலும் எண் இடுங்கள். வட்டையின் முகத்திலிருந்து குடத்தின் முகம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே இருக்கிறது என்று நேர்க்கம்பி வைத்து அளந்துகொள்ளுங்கள். சில சக்கரங்கள் தட்டையாக இருக்கும், சில லேசாகக் குழிந்திருக்கும். கழற்றிவிட்டால் இந்த அளவை மீட்க வழியில்லை.

பழைய ஆரக்கால்களில் மிக நல்லதாக ஒன்றை மாதிரிக்கு எடுத்து வையுங்கள். அதன் ஆப்பு தேய்ந்திருக்கும் என்பதால் முளைக்கும் நடுவுடலின் வடிவத்துக்கும் மட்டும் அதை நம்புங்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், முகமூடி அணியுங்கள். மரத்தை விட்டுப் பிரிக்காமல் மணல் வீச்சுக்கோ காஸ்டிக் சோடாத் தொட்டிக்கோ அனுப்பாதீர்கள். மணல் மென்மையான நாரைத் தின்றுவிடும், காஸ்டிக் மூட்டுகளுக்குள் புகுந்து வெளியே வராது.

என்னென்ன கருவி வேண்டும்?

மர லேத், மேசை ரம்பம் அல்லது நல்ல பேண்ட் ரம்பம், வெர்னியர், கோணமானி, ஈரப்பத மீட்டர், ஹைட்ராலிக் ஜாக்கி, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம். லேத் இல்லாவிட்டால் இழைப்புளியும் வளைந்த சீவுளியும் போதும், நேரம்தான் கூடும். நடுவுடல் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் குற்றமில்லை. இரண்டு முனைகளில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஆப்பின் கோணத்தை எப்படித் துல்லியமாக அறுப்பது?

360 பாகையை ஆரக்கால் எண்ணிக்கையால் வகுத்தால் ஆப்பின் முழுக் கோணம். பன்னிரண்டுக்கு 30 பாகை, பத்துக்கு 36. நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்குப் பாதி, அதாவது பன்னிரண்டுக்கு 15 பாகை.

ஒவ்வோர் ஆரக்காலிலும் பத்தில் ஒரு பாகை தவறினால் என்ன ஆகும்? பன்னிரண்டுக்கு 1.2 பாகை. நடுவிலிருந்து 60 மி.மீ. தூரத்தில் அது ஒன்றேகால் மி.மீ. இடைவெளி. ஆகவே ரம்பத்தின் அளவுகோலில் உள்ள எண்ணை நம்பக் கூடாது. ஆரக்காலை முளையிலும் நடுவுடலிலும் கெட்டியாகப் பிடிக்கும் ஒரு மரச் சட்டம் செய்து, அதை ரம்ப மேசையில் ஓடவிட்டு அறுங்கள். முதலில் ஆறு துண்டுகளை வீண் மரத்தில் அறுத்து மேசைமீது அரைவட்டமாகச் சேர்த்து வையுங்கள். விட்டத்தின் குறுக்கே நேர்க்கம்பி வைத்தால் எங்கும் வெளிச்சம் தெரியக் கூடாது. ஆறு துண்டுகளின் பிழையும் ஒன்றாகச் சேர்ந்து அங்கே காட்டிக்கொடுக்கும். நடுவில் வெளிச்சம் வந்தால் கோணம் கூடுதல், ஓரங்களில் வந்தால் குறைவு. சரியாகும்வரை சட்டத்தில் மெல்லிய காகிதம் ஒட்டித் திருத்துங்கள், அதன் பிறகு நல்ல மரத்தைத் தொடுங்கள்.

அகலத்தை ஒரு மயிரிழை கூடுதலாகவே விடுங்கள். பின்னால் சீவிக் குறைக்கலாம். குறைந்ததைக் கூட்ட முடியாது. ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும்: பன்னிரண்டு ஆரக்காலிலும் ஆப்பின் அகலத்தை 0.1 மி.மீ. குறைத்தால், ஒவ்வொன்றும் நடுவை நோக்கிச் சுமார் 0.19 மி.மீ. நகரும்.

முளை வட்டைத் துளையில் கையால் அழுத்தினால் நுழையும் அளவுக்குத் திட்டமாக இருக்க வேண்டும். தோள் முழுச் சுற்றிலும் வட்டையைத் தொட வேண்டும். வட்டையின் உட்புறம் வளைவானது என்பதால் தோளையும் அந்த வளைவுக்கு ஏற்பக் குடைய வேண்டியிருக்கலாம். மை தடவிப் பார்த்தால் எங்கே முட்டுகிறது என்று தெரியும்.

பன்னிரண்டையும் மூடிய இரும்பு வட்டைக்குள் எப்படி நுழைப்பது? கடைசி ஒன்றுக்கு இடமே இருக்காதே?

ஒவ்வொன்றாகச் செருகினால் இருக்காது. பன்னிரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் உட்காரவைக்க வேண்டும். வட்டையைத் தட்டையான உறுதியான அடித்தளத்தில் கிடத்துங்கள். எல்லா முளைகளையும் துளைகளில் செருகி, உள்முனைகளை மேலே தூக்கி ஒன்றோடொன்று சாய்த்து வையுங்கள். இப்போது அது தாழ்வான கூம்பாக நிற்கும். உச்சியில் தடித்த இரும்புத் தகடு வைத்து ஜாக்கியால் மெதுவாகக் கீழே அழுத்துங்கள். கூம்பு தாழத் தாழ முளைகள் வெளிநோக்கி ஓடித் துளைகளில் இறங்குகின்றன, ஆப்புகள் நெருங்குகின்றன. தட்டையாகும் கணத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதில்தான் திறமை. 250 மி.மீ. நீள ஆரக்காலில் நடு 20 மி.மீ. உயர்ந்து நின்றால், நீளத்தில் கூடுதல் வெறும் 0.8 மி.மீ.தான். அந்த 0.8 மி.மீ.யை மரம் நசுங்கித்தான் உள்வாங்க வேண்டும். கையால் அழுத்தியதும் தட்டையாகிவிட்டால் தளர்வு. ஜாக்கி திணறி நடு கீழே வர மறுத்தால் மேலும் அழுத்தாதீர்கள்; ஆரக்கால் விண்டுவிடும். வெளியே எடுத்து, பன்னிரண்டு ஆப்புகளின் இரு முகங்களிலும் சம அளவில் உப்புத்தாள் இழுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். இரண்டு மூன்று முறை எடுத்து வைப்பது வழக்கம்தான்.

ஒரு எச்சரிக்கை. அழுத்தத்தில் இருக்கும் கூம்பு வில்லை வளைத்தது போன்ற நிலையில் இருக்கிறது. ஓர் ஆரக்கால் நழுவினால் முகத்தைப் பெயர்க்கும். மேலே குனிந்து பார்க்காதீர்கள், கண்ணாடி அணியுங்கள், அழுத்தத் தகடு எல்லா ஆரக்கால்களையும் மூடும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும்.

என் சக்கரத்தில் வட்டையும் மரம். என்ன வேறுபாடு?

வேலையின் வரிசை மாறும். ஆரக்கால்களை முதலில் குடத்தில் நிறுத்தி, வளைத்த வட்டைத் துண்டுகளை முளைகள்மீது ஏற்ற வேண்டும். முளைகள் வெளிநோக்கி விரிந்து நிற்பதால், பக்கத்து ஆரக்கால்களை இழுத்து நெருக்க ஒரு நெம்புகோல் தேவைப்படும். வட்டைத் துண்டுகள் சந்திக்கும் இடத்தில் சிறு இடைவெளி விடுவது அவசியம். வட்டையின் மேல் சூடாக்கி ஏற்றும் இரும்பு வளையம் சுருங்கி அமுக்கும்போது அந்த இடைவெளி மூடித்தான் ஆரக்கால்கள் இறுகும். இடைவெளி இல்லாவிட்டால் வட்டை தன்னோடு தானே முட்டிக்கொள்ளும், அமுக்கம் ஆரக்காலுக்குப் போய்ச் சேராது.

வளையத்தைச் சூடாக்கி ஏற்றுவது மாட்டுவண்டிப் பட்டா கட்டும் முறைதான். 600 மி.மீ. விட்டமுள்ள இரும்பு வளையத்தை 200 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால் விட்டம் ஏறக்குறைய 1.4 மி.மீ. விரியும். செக்கச் சிவக்கக் காய்ச்சினால் மரம் கருகும், கருகிய இடம் பிறகு பொடியாகித் தளரும். இந்த ஒரு கட்டத்தை மட்டும் அனுபவமுள்ள கைகளில் கொடுப்பதே என் பரிந்துரை.

போல்ட் துளைகளை எப்போது போடுவது?

எல்லாம் பூட்டிய பிறகு. குடத்துக்கான நடுத்துளையை வட்டையின் விளிம்பிலிருந்து மையம் பிடித்துக் குடையுங்கள். பிறகு குடத் தட்டையே வழிகாட்டியாக வைத்து போல்ட் துளைகளைப் போடுங்கள். பல சக்கரங்களில் துளை இரண்டு ஆரக்கால்கள் சேரும் கோட்டின்மீதே விழும். அது சரியான இடம்தான். இரு பக்க ஆப்பையும் போல்ட் ஒன்றாகப் பிடிக்கிறது.

பழைய போல்ட்டுகளை மறுபடி போடாதீர்கள். புதியவற்றை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மாடல் டி போன்றவற்றில் நட்டுக்கு வெளியே நீட்டும் போல்ட் நுனியைச் சுத்தியலால் அடித்து மடக்கியிருப்பார்கள். நட்டு கழன்றுவிடாமல் இருக்க அதை மறக்காமல் செய்யுங்கள்.

நேராக ஓடுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

அச்சில் மாட்டி, வட்டையருகே ஒரு கம்பியைக் கூராக நிறுத்தி, மெல்லச் சுழற்றுங்கள். பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் விலகல் ஒன்றரை மி.மீ.க்குள் இருந்தால் நான் திருப்தி அடைவேன். பக்கவாட்டு ஆட்டத்தைத் தட்டுக்கும் ஆரக்காலுக்கும் நடுவே மெல்லிய தகடு வைத்துத் திருத்தலாம். மேல்கீழ் ஆட்டம் என்றால் மையம் தவறியிருக்கிறது. டயரைத் தாங்கும் ரிம் தனியாகக் கழலும் சக்கரத்தில் முதலில் வட்டையைச் சோதியுங்கள், பிறகு ரிம்மைப் பூட்டி அதன் நட்டுகளைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பசை?

தேவையில்லை. இறுக்கமான மூட்டுக்குப் பசையால் பயனில்லை, தளர்ந்த மூட்டைப் பசை காப்பாற்றாது.

வார்னிஷா, பெயிண்டா?

காரின் வரலாற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. மரம் பளபளக்கும் சக்கரம் அழகுதான், ஆனால் அந்த ஆண்டுகளின் காருக்கு அது பொருந்தாது. மறுபக்கம், வார்னிஷ் அடித்தால் விரிசலும் இடைவெளியும் உடனே கண்ணில் படும் என்ற நன்மை உண்டு.

எதை அடித்தாலும் பூட்டிய பிறகே அடியுங்கள். ஆப்பின் முகத்திலும் தோளிலும் பூச்சு இருந்தால், அது நசுங்கி உதிரும்போது அவ்வளவு தடிமனுக்குத் தளர்வு உண்டாகும். ஈரம் அதிகம் ஏறுவது மரத்தின் வெட்டுமுனை வழியாகத்தான். அதனால் வட்டைக்கு வெளியே தெரியும் முளை நுனிகளுக்குப் பூச்சு தாராளமாக இருக்கட்டும்.

முழு வேலையையும் நானே செய்யத்தான் வேண்டுமா?

ஆரக்கால்களைச் செய்து விற்பவர்களிடம் வாங்கி, பொருத்தும் வேலையை மட்டும் வீட்டில் செய்வது நியாயமான வழி. கோணம் அறுப்பதில் நம்பிக்கை வரவில்லை என்றால் இதையே செய்யுங்கள். வாங்கியவற்றையும் ஈரப்பத மீட்டர் வைத்துப் பார்க்காமல் பூட்டாதீர்கள். ஒரு சக்கரத்தில் பாதி பழையது, பாதி புதியது என்று கலக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கும்.

புதுச் சக்கரத்தைப் பூட்டிய பிறகு?

முதல் சில கிலோமீட்டரை வளைவில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிவிட்டு, தொட்டுப் பாருங்கள், தட்டிப் பாருங்கள், குடத்து நட்டுகளில் ஒரு ஸ்பானர் வைத்துப் பாருங்கள். போல்ட் நுனியை மடக்குவதை இந்தச் சோதனைக்குப் பிறகு செய்வது வசதி. அதன் பின் கோடையின் முடிவில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை தட்டிப் பார்த்தால் போதும். நெடுநாள் நிறுத்தி வைப்பதாக இருந்தால் அச்சுக்கு அடியில் தாங்கி கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். ஈரத் தரையில் நிற்கும் சக்கரத்தில் கீழ்ப்பக்கத்து இரண்டு மூன்று ஆரக்கால்கள்தான் முதலில் அழுகும்.